பிரேக் சரியாகும் வரை

"இன்னொரு தரம் அமுக்கும்மா," என்றார் இருசப்பன்.

எழிலரசி அம்பாசிடரின் பிரேக்கை மிதித்தாள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் கால் அடிவரை போய்த் தரையில் முட்டியது. ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது.

"என்னா சொல்லுது?"

"பொசுக்குனு உள்ள போவுதுப்பா."

"விட்டு விட்டு அமுக்கு. ரெண்டு மூணு அமுக்குல மேல வருதா பாரு."

மிதித்தாள். மூன்றாவது மிதியில் பெடல் பாதி வழியிலேயே கொஞ்சம் இறுகி நின்றது.

"வருது."

"அப்படியே காலை வெச்சிரு. எடுக்காத. மெதுவா கீழ எறங்குதா?"

காலை வைத்தபடி காத்திருந்தாள். இறங்கவில்லை. ஆனால் கெட்டியாகவும் இல்லை. அப்படியே சொன்னாள்.

"அப்ப மாஸ்டர் சிலிண்டர் நல்லாருக்குது. பிரேக் லைன்ல காத்து பூந்திருக்கும். வேணுவைக் கூப்புடு."

இவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்த கட்டிலில், முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, கம்பிகளுக்கு நடுவே வண்டியைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார். ஜன்னலுக்கும் வண்டிக்கும் நடுவே கை நீட்டினால் தொட்டுவிடலாம். அடி அண்ணாமலையில் அந்தச் சந்தே அவ்வளவு அகலம்தான். அம்பாசிடர் நின்றால் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் அதற்காக வருஷக்கணக்கில் முணுமுணுத்திருக்கிறாள். இந்த மூன்று மாதமாக அவளும் வாயைத் திறக்கவில்லை.

வயிற்றில் கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் அவருக்குப் பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிடித்தது எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. செய்து கொடுக்கக்கூடியதாக ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மனைவி உண்ணாமலையைத் தன் வண்டியில் உட்காரவைத்து, மலையை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும்.

இதெல்லாம் ஒரு ஆசையா என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். இருசப்பன் கோயில் பக்கத்து ஸ்டாண்டில் அந்த வண்டியைப் போட்டு, நடக்க முடியாதவர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு, லிங்கம் லிங்கமாக நிறுத்தி நிறுத்தி மலை சுற்றிக் காட்டியே பிழைத்தவர். உண்ணாமலை அந்த வண்டியில் கல்யாணத்துக்குப் போவாள், காதுகுத்துக்குப் போவாள். மலை சுற்ற மட்டும் ஏற மாட்டாள்.

"மலையக் கால்ல சுத்தணும். சக்கரத்துல சுத்துனா சக்கரத்துக்குத்தான் புண்ணியம்" என்பாள்.

"ஏன், சாமியே தோள்ல ஏறித்தான் சுத்தி வர்றாரு. அவரா நடக்கறாரு?"

"அவரு சாமி. நீங்க டிரைவரு."

அதோடு வழக்கு தள்ளுபடி. தை மாதத் திருவூடலில் அம்மனோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணாமலையார் தனியாக மலை சுற்றப் போவார். அம்மன் கோயிலுக்குள்ளேயே இருந்துவிடுவாள். "அவங்களுக்கு ஒரு நாளு. எங்க வீட்ல வருஷம் பூரா திருவூடல்தான்" என்று இருசப்பன் சவாரிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் நடந்தாள். மற்ற நாளெல்லாம் அவர் ஓட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்றுகூட வந்ததில்லை.

முட்டி தேய்ந்துபோய் உண்ணாமலை நடப்பதை நிறுத்தியும் இரண்டு வருஷம் ஆகிறது. அப்போதும் வண்டியில் ஏற ஒப்பவில்லை. நேற்று சாயந்திரம் கஞ்சி ஊட்டும்போது அவர் மறுபடி கேட்டார். அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "சரி, போலாம்" என்றாள். கேட்டவருக்கே நம்பிக்கை வரவில்லை. வாயில் இருந்த கஞ்சி கடைவாயில் வழிந்ததுகூடத் தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் இன்றைக்கே போயாக வேண்டும். சாயந்திரம் பௌர்ணமி தொடங்குகிறது. அதற்கு முன்னாலேயே போலீஸ் தடுப்பு போட்டுவிடும். நாளை முழுக்க மலைப்பாதையில் ஒரு வண்டி ஓடாது. "நாளன்னிக்குப் போனா ரோடு காலியா இருக்குமேப்பா" என்று எழிலரசி காலையில் சொல்லிப் பார்த்தாள். "நாளன்னிக்கா" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் விட்டத்தைப் பார்த்தார். அவள் வண்டிச் சாவியை எடுத்தாள்.

சாவியை ஒரு தரம் திருகியதுமே அம்பாசிடர் ஸ்டார்ட் ஆனது. பிரேக்தான் இல்லை.

இதில் அவளுக்குக் குத்துகிற விஷயம் ஒன்று இருந்தது. போன மாதமே அவர் சொன்னார், பிரேக் ஒரு மாதிரி மெத்துனு இருந்துச்சு, வேணுகிட்ட காட்டி வையம்மா என்று. பார்க்கலாம்பா என்றாள். வேலூருக்கும் வீட்டுக்கும் தான் வேலை பார்க்கும் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்த அலைச்சலில், ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு பிரேக் எதற்கு என்றும் தோன்றியது. சொல்லப்போனால் அதுதான் நிஜம்.

வேணு வரும்போது வெயில் ஏறிவிட்டது. செங்கம் ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிற கனத்த மனிதர். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தவர், முகத்தை ஒரு நொடி வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னா இருசப்பண்ணா, மாப்ள மாதிரி ரெடியாயிட்ட."

உண்மைதான். உண்ணாமலை அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். கழுத்துப் பட்டன் போட்டும் சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போலிருந்தது. அவளும் தலை குளித்து, மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டி, பூ வைத்து, மடியில் தேங்காயும் கற்பூரமும் வைத்த கூடையோடு கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எழிலரசிக்கு அவர்களைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

"காத்து எடுத்துடு வேணு. நாலு வீலும்," என்றார் இருசப்பன். "அவ பெடல்ல உக்காரட்டும். நீ நிப்பிளைப் பாரு. நான் சொல்றேன்."

"நீ ஏண்ணா கஷ்டப்படற. நானே சொல்லிக்கறேன்."

"நான் சொல்றேன்னா சொல்றேன்."

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன நிப்பிள் இருக்கிறது. ஒருவர் பெடலை மிதித்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது மற்றவர் நிப்பிளைத் திறந்தால் ஆயிலோடு காற்றும் குமிழ் குமிழாக வெளியே வரும். நிப்பிளை மூடும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். எழிலரசிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த வேலைதான். லீவு நாட்களில் அப்பாவுக்கு அவள்தான் பெடல் மிதிப்பாள்.

"அமுக்கு," என்றார் ஜன்னலுக்குள்ளிருந்து. "புடி."

வேணு ஸ்பேனரைத் திருகினார். ஆயில் டப்பாவுக்குள் சொட்டும் சத்தம் கேட்டது. திருப்பி மூடினார்.

"விடு."

பின் சக்கரம் இரண்டும், முன் சக்கரம் இரண்டும் ஆயின. காற்று வந்தது, நின்றது. பெடல் அப்போதும் பஞ்சாகவே இருந்தது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி ஜாஸ்தியா இருக்குதா பாரு என்றார் இருசப்பன். இருந்தது. வேணு இறுக்கினார். பெடல் ஒரு விரல்கடை மேலே வந்தது. அவ்வளவுதான்.

"ஒழுகலையே எங்கயும்," என்று வேணு தலையைச் சொறிந்தார்.

இருசப்பன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து உண்ணாமலை விசிறியை எடுத்தபோது வாய் அசைந்தது. "ஹோஸ் பைப்பு. அவ அமுக்கறப்ப கையை வெச்சுப் பாரு."

வேணு வண்டிக்கு அடியில் கையை விட்டார். எழிலரசி மிதித்தாள்.

"ஊதுதுண்ணா," என்று குரல் வந்தது. "முன்னாடி ரெண்டும். எலி முழுங்குன சாரைப்பாம்பு மாதிரி ஊதுது."

ரப்பர் பழசாகி இளகிவிட்டது. அவள் காலால் கொடுக்கிற அழுத்தமெல்லாம் சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் குழாயை ஊத வைப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. நோய் பிடிபட்டதில் இருசப்பன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறினாற்போல் இருந்தது. அவர் வயிற்றுக்கு மட்டும் டாக்டர்கள் இத்தனை சுருக்காகச் சொல்லவில்லையே என்று எழிலரசி நினைத்தாள்.

"டவுனுக்குப் போயித்தான் வாங்கணும்," என்று வேணு கையைத் துடைத்தபடி எழுந்தார். "கூட்டம் எறங்க ஆரம்பிச்சுடுச்சு. போயிட்டு வர நேரமாவும்." ஒருமுறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளிடம், "பாப்பா, நான் ஒண்ணு சொல்லட்டா. மூணு மிதியில புடிக்குது இல்ல? ஹேண்ட் பிரேக்கும் நல்லாருக்குது. ஆள் நடக்கற வேகத்துல போனா போதும். இப்பவே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடலாம். நானும் கூட உக்காந்துக்கறேன்."

தாழ்த்திப் பேசினாலும் அந்தச் சந்தில் எல்லாம் கேட்கும். இருசப்பன் தலையைத் திருப்பினார்.

"போலாம் எழிலு. மேடு பள்ளம் இல்லாத ரோடு. ஃபர்ஸ்ட் கியர்லயே போயிடலாம்."

எழிலரசி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்து முனையில் இப்போதே ஆட்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். வெயிலையும் பார்க்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி போனாள். ஒரு கிழவர் ரோட்டுக்கு நடுவிலேயே நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார். கலெக்டர் ஆபீசில் எழிலரசி பார்ப்பது விபத்து நிவாரண மனுக்கள். மேசைக்கு வருகிற மனுக்களில் பாதி, பிரேக் பிடிக்காமல் என்றுதான் தொடங்கும். யாரும் வேகமாகப் போனேன் என்று எழுதுவதில்லை.

"வேணாம்பா," என்றாள். "ஹோஸ் மாத்திட்டே போலாம்."

எழிலரசி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே சொல்வீங்க. பிரேக் பத்தாத வண்டியைத் தொடாதன்னு. எனக்கு லைசன்ஸ் வந்த அன்னிக்கே சொன்னீங்க."

சொல்லி முடித்த உடனேயே, அவர் வார்த்தையை அவருக்கே எதிராக எடுத்து நீட்டியது மாதிரி இருந்தது அவளுக்கு. உண்ணாமலை மடியில் இருந்த கூடையைத் தரையில் இறக்கி வைத்தாள். இருசப்பன் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரிதான்," என்றார். "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். வேணு, போயி வாங்கிட்டு வா."

வேணு பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான். உண்ணாமலை ஒரு கரண்டி இளநீர் ஊட்டிப் பார்த்தாள். பாதி உள்ளே போனது. "இங்க வந்து உக்காரும்மா" என்று இருசப்பன் மகளைக் கூப்பிட்டார். "தோ வரேம்பா" என்றவள், வண்டியின் பின் சீட்டைத் துடைத்தாள். அம்மா காலை நீட்டி உட்கார வசதியாக முன் சீட்டை நகர்த்திப் பார்த்தாள். வேணுவுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். முதல் கடையில் இல்லையாம், பெரிய தெருவுக்குள் பைக்கைக்கூட விடவில்லையாம், நடந்து போய்க்கொண்டிருக்கிறாராம். ஓசூரிலிருக்கும் கணவன் மாறனுக்கும் போன் போட்டு, சாயந்திரத்துக்குள் கிளம்பி வந்துவிடு என்றாள். இப்படியே ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார்.

சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தார். எதற்கு என்று அம்மாவிடம் கண்ணால் கேட்டாள். "சவாரிக்குப் போறாரில்ல" என்றாள் உண்ணாமலை.

வேணு வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சட்டை முழுக்க வியர்வை. "ரெண்டும் கெடைச்சுடுச்சு," என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்தார். "தடுப்பைக் கொண்டாந்து ஓரமா வெச்சிட்டாங்க. இன்னும் போடல. டைம் இருக்குது."

பழைய குழாயைக் கழற்றிப் புதியதை மாட்டியதும், உள்ளே புகுந்த காற்றை மறுபடி எடுக்க வேண்டும். எழிலரசி பெடலில் உட்கார்ந்தாள். ஸ்பேனர் சத்தத்துக்கு இருசப்பன் கண்ணைத் திறந்தார். ஏதோ சொன்னார். ஜன்னல் வரைக்கும் குரல் வரவில்லை. உண்ணாமலை குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள்.

"அமுக்குன்றாரு," என்றாள்.

எழிலரசி மிதித்தாள்.

"புடின்றாரு."

ஆயில் பீய்ச்சும் சத்தம். காற்று நிறைய வந்தது.

"விடுன்றாரு."

இப்படியே போனது. கணவர் பக்கம் ஒன்று, மகள் பக்கம் ஒன்று என்று உண்ணாமலை தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசி எழிலரசி கேட்டதில்லை. பூ வைத்த தலையோடு, பட்டுப்புடவையில், ஒரு மெக்கானிக் மாதிரி உத்தரவு போட்டாள். ஒருமுறை அவர் என்ன சொன்னாரோ, லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

"இன்னாவாம்மா?"

"நான் நல்லா வேலை செய்யறேனாம்."

ஒரு பக்கம் முடிந்தது. வேணு இந்தப் பக்கம் வந்து படுத்தார். பெடல் ஒவ்வொரு மிதிக்கும் மேலே மேலே வந்துகொண்டிருந்தது. எழிலரசிக்கு இப்போது பதற்றம் போய் உற்சாகம் வந்துவிட்டது. அப்பாவை எப்படித் தூக்கி முன் சீட்டில் வைப்பது, தலைக்கு எந்தத் தலையணை, குபேர லிங்கத்தில் நிறுத்தலாமா வேண்டாமா என்றெல்லாம் மனதுக்குள் ஓட்டத் தொடங்கினாள்.

"அமுக்குன்றாரு."

மிதித்தாள்.

"புடின்றாரு."

பிடித்தாள். பெடல் பாதி வழியில் கல்லாக நின்றது. காலை ஊன்றி எழுந்தே நிற்கலாம், அப்படி ஒரு கெட்டி. வேணு நிப்பிளைத் திறந்து மூடியது காதில் விழுந்தது. அவள் விடு என்பதற்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

"முடிச்சாச்சு," என்றார் வேணு கீழிருந்து. "சுத்தமா காத்து இல்ல. விடச் சொல்லுண்ணா."

எழிலரசிக்குத் தொடை வலித்தது. காலை எடுக்காமலே ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உண்ணாமலை அதே மாதிரி குனிந்து, காதை அவர் வாயருகே வைத்தபடி இருந்தாள். இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறவளின் முகம். முந்தானை அவர் கைமேல் விழுந்து கிடந்தது.

"அம்மா," என்றாள் எழிலரசி.

உண்ணாமலை, பேசாதே என்பது போல் கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

ரேணுகாம்பாள்தான் முதலில் ஓடி வந்தாள். அவளே கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள், தாடையைக் கட்டினாள், தலைமாட்டில் விளக்கு ஏற்றினாள். அந்த வெள்ளைச் சட்டையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. தெரு ஆட்கள் நான்கைந்து பேர் கட்டிலைத் தெற்கு வடக்காகத் திருப்பிப் போட்டார்கள். அவர் முகம் இப்போது ஜன்னல் பக்கம் இல்லை. யாரோ ஐஸ் பெட்டிக்கு போன் பண்ணினார்கள்.

எழிலரசி அழுதாள். அழுது முடித்து, வாசலில் வந்து வண்டிமேல் சாய்ந்து நின்றாள். வலது கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை. வேணு கழற்றிய குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு ரேணுகாம்பாள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப நல்லா புடிக்குது பாப்பா," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

மத்தியானம் கிளம்பியிருந்தால் வெயில் தாழ்வதற்குள் திரும்பி வந்திருக்கலாம். ஆள் நடக்கிற வேகத்தில் போயிருந்தால்கூட வந்திருக்கலாம். அவள் அப்போது சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நூறு பேரிடம் கேட்டாலும் நூறு பேரும் அவள் பக்கம்தான் பேசுவார்கள். அப்பாவும் அவள் பக்கம்தான் பேசினார். அதுதான் தாங்கவில்லை. அந்த ஒரு வேணாம் மட்டும் வாயிலிருந்து வராமல் போயிருந்தால் என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். இங்க வந்து உக்காரும்மா என்றபோதாவது போய் உட்கார்ந்திருக்கலாம். அப்போது சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். உன்னாலதான் என்று ஒரு வார்த்தை. உண்ணாமலை எதுவும் சொல்லவில்லை. பட்டுப்புடவையை மாற்றச் சொன்னதற்கும் எழுந்திருக்கவில்லை. வருகிறவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழும்போதெல்லாம் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பொழுது சாயும் நேரத்துக்கு ஐஸ் பெட்டிக்காரர்கள் வந்தார்கள். வேனைச் சந்து முனையில் ரோட்டோரமாக நிறுத்திவிட்டு இரண்டு பேர் நடந்து வந்து பார்த்தார்கள்.

"தடுப்பு போட்டுட்டாங்க. சாவுன்னு சொன்னதுக்கப்புறம்தான் உட்டாங்க," என்றான் ஒருவன். பிறகு அம்பாசிடரைப் பார்த்தான். "இந்த வண்டியை எடுத்தாத்தாங்க பெட்டி உள்ள போவும். சாவி யார்கிட்ட?"

சாவி வண்டியிலேயே இருந்தது. வேணு எழுந்தார். "நான் எடுக்கறேன்" என்றாள் எழிலரசி.

கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பின்னால் இன்னொரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உண்ணாமலை சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு, பின் சீட்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற உண்ணாமலை?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள். "பொணத்தைப் போட்டுட்டு இப்ப எங்க போற?"

உண்ணாமலை கதவைச் சாத்தினாள். அது முதல் தடவையில் சரியாகச் சாத்தாது, தூக்கிச் சாத்த வேண்டும். தூக்கிச் சாத்தினாள்.

எழிலரசி வண்டியை ஸ்டார்ட் செய்தாள். முதல் கியரில் போட்டு மெதுவாக நகர்த்தினாள். இரண்டு பக்கமும் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். சந்து அகலமாகிற முனைக்கு வந்தபோது எதிரே மலைப்பாதை முழுக்கத் தலைகளாக இருந்தது. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமாக, ஒரே திசையில், வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தார்கள். முனையில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். வண்டியின் மூக்கு தெரிந்ததும் கையைக் காட்டினார்.

"வண்டி ரோட்ல ஏறக் கூடாதும்மா."

எழிலரசி பிரேக்கை மிதித்தாள். வண்டி ஒரு அங்குலம்கூட மேலே போகாமல் அங்கேயே நின்றது.

"ஏறலைங்க," என்றாள். "இங்கயேதான் நிறுத்தறேன்."

பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கூரைகளுக்கு மேலே மலை தெரிந்தது. கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். உண்ணாமலை ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு கைகளும் பழக்கத்தில் சேர்ந்து மார்புவரை எழுந்தன. தீட்டு நினைவு வந்திருக்க வேண்டும். பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எறங்கலாமாம்மா?" என்று கேட்டாள் எழிலரசி.

"கொஞ்சம் இரு."

எழிலரசி என்ஜினை அணைக்கவில்லை. காலை பிரேக்கிலேயே வைத்திருந்தாள்.